எலும்பு மெலிவுக்கான மருந்துகள்: பக்க விளைவுகளும் பாதுகாப்பான பாவனையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கெலிஓயாவில் நடைபெற்ற ஒன்றுகூடலில், இளைப்பாறிய மருந்தாளரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நூற்றாண்டு ஆண்டில் எலும்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் செயலாளர் கொஞ்சம் முகம் சுளித்தார். "சிரிக்கிற மாதிரி ஏதாவது பேசலாமே, பழைய கதைகள்தான் உங்களிடம் நிறைய இருக்கின்றனவே" என்றார். இப்போது இந்த மேடையிலிருந்து முன்வரிசைகளைப் பார்க்கிறேன். பதினொரு கைத்தடிகள் எண்ணிவிட்டேன். அவற்றுள் ஒன்று என் சொந்த அக்காவினுடையது. ஆகவே எலும்பைப் பற்றியே பேசுகிறேன். பழைய கதையும் ஒன்று உண்டு. ஆனால் அது என் தவறு பற்றிய கதை. அதைச் சொல்ல அனுமதி தந்தவரும் அக்காதான்.

2016-இல் அக்கா வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. சாதாரண உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், முறிந்த இடத்துக்கு மாவுக்கட்டுப் போடுவதோடு விடக் கூடாது, ஏன் முறிந்தது என்றும் பார்க்க வேண்டும். அந்த வைத்தியர் பார்த்தார். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கிளினிக் கொப்பியில் ஒஸ்டியோபொரோசிஸ் என்று எழுதி, வாரத்துக்கு ஒன்று போடும் அலண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை அக்கா தொலைபேசியில், "நெஞ்சு எரிகிறது, சாப்பாடு இறங்குகிறபோது நோகிறது, இந்தக் குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். அப்போது நான் மருந்துக் கவுன்டரில் நின்றிருந்தேன். எதிரே நீண்ட வரிசை. "அப்படியென்றால் நிறுத்து, அடுத்த கிளினிக்கில் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நிறுத்தச் சொன்னதில் தவறில்லை. விழுங்கும்போது நோவு வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். தவறு, அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்காததுதான். அக்கா நிறுத்தினார். கிளினிக்கில் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மாதாமாதம் கொடுத்த குளிசைகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சேர்ந்தன. பதினான்கு மாதம் கழித்துக் குளியலறையில் விழுந்தார். இந்தத் தடவை இடுப்பெலும்பு.

வாட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டேன், "அந்தக் குளிசையை எப்படிப் போட்டாய்?" என்று. விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி, முதல் பிளேன்டீயோடு போட்டுவிட்டு, ஆறு மணிச் செய்தி வரும்வரை மறுபடி படுத்துக்கொள்வாராம். முப்பது வருடமாகக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் "வெறுந்தண்ணீர், படுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் அக்காவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "எலும்பு தேய்ந்துபோச்சு" என்று நாம் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். முழங்கால் நோவு, மூட்டு வீக்கம், படியேறக் கஷ்டம் என்பது மூட்டுத் தேய்வு. நான் இன்று பேசுவது எலும்பு மெலிவு. எலும்பின் உள்ளே இருக்கும் பின்னல் மெலிந்து, பழைய பிரம்புக் கதிரை போலாகிவிடுவது. இதில் நோவே இருக்காது, முறிகிற நாள் வரை. முதுகெலும்பு அமுங்கினால்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. சேலை முன்னையைவிட நிலத்தில் இழுபடுகிறதே என்றுதான் தெரியும். இதற்கான மருந்து நோவு போக்குகிற மருந்தல்ல. போட்டாலும் ஒரு சுகமும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. இந்த மருந்தைப் பெண்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரிய காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பக்க விளைவு இரண்டாவது காரணம்.

நம் பேராதனை – கம்பளை வீதியில் எப்போதும் ஏதோ ஒரு இடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு கூட்டம் பழைய தாரைக் கிளறிக்கொண்டு முன்னே போகும். இன்னொரு கூட்டம் நிரப்பிக்கொண்டு பின்னே வரும். எலும்பிலும் வாழ்நாள் முழுக்க இப்படித்தான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைய, கிளறுகிற கூட்டத்துக்கு மேற்பார்வை இல்லாமல் போகிறது. அவர்கள் வேகமாகக் கிளறுகிறார்கள், நிரப்புகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அலண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், ஐபன்ட்ரோனேட், சொலெட்ரோனிக் அமிலம் ஆகிய மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம், பிஸ்பொஸ்பொனேட் குடும்பம். அவை எலும்பிலே படிந்து, கிளறுகிற கூட்டத்தை அடக்குகின்றன.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் கேட்டால் சிரிப்பு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட இரசாயனங்கள். பிற்காலத்தில் தொழிற்சாலைக் குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் இருக்கப் பயன்பட்டன. சுவிற்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளெய்ஷ் என்பவரும் அவரது கூட்டாளிகளும்தான் 1960-களில் இவற்றை எலும்புக்குத் திருப்பினார்கள். அலண்ட்ரோனேட்டை எலும்பு மெலிவுக்குக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1995-இல். அடுத்த வருடமே, 1996-இல், உணவுக்குழாயில் புண் ஏற்பட்ட பெண்களைப் பற்றிய கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்துவிட்டது. பலர் போதிய தண்ணீர் குடிக்கவில்லை, அல்லது போட்டவுடன் படுத்துவிட்டார்கள். என் அக்கா செய்த அதே காரியம்!

ஆகவே எப்படிப் போடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த உரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், வாயில் வேறொன்றும் படுமுன், ஒரு பெரிய குவளை வெறுந்தண்ணீரோடு மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும். சப்பக் கூடாது, உமியக் கூடாது. பிளேன்டீ இல்லை, பால் தேநீர் இல்லை, கோப்பி இல்லை, கல்சியம் கூடிய மினரல் வோட்டரும் இல்லை. இந்த மருந்து வெறும் வயிற்றில் போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. கோப்பியோடோ தோடம்பழச் சாற்றோடோ போட்டால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் வீண். கல்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் சுத்தமாக வீண். போட்டபின் அரை மணித்தியாலம் நிற்கலாம், நடக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். சாப்பிடவும் கூடாது, படுக்கவும் கூடாது. மாதத்துக்கு ஒன்று போடும் ஐபன்ட்ரோனேட் என்றால் ஒரு மணித்தியாலம்.

குனிவதையும் தவிர்த்தால் நல்லது. அந்த நேரம் பார்த்து ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து முற்றம் கூட்டத் தொடங்காதீர்கள். இங்கிருக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கு நான் கவுன்டரில் எப்போதும் சொல்வது: சுபஹ் தொழுதுவிட்டு, அதன் பிறகு மாத்திரை. சுஜூதில் தலை வயிற்றைவிடத் தாழ்வாகப் போகிறது அல்லவா? நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். சஹர் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாக எழும்பி, வெறுந்தண்ணீரோடு போட்டுவிட்டு, உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தால் அரை மணி போய்விடும். அதன் பிறகு சாப்பிடலாம். அது முடியாதவர்கள் வைத்தியரிடம் கேட்டால், நோன்பு மாதம் முழுக்க இடைவெளி விடலாமா என்று சொல்வார். எலும்பில் படிந்த மருந்து சில வாரங்களில் போய்விடுவதில்லை. ஆனால் அந்தச் சலுகை இந்தக் குடும்பத்து மாத்திரைகளுக்கு மட்டும்தான். இதைக் கொஞ்சம் பிறகு ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று தெரியும்.

மறந்துபோனால்? அடுத்த நாள் காலை போடுங்கள், பிறகு வழமையான நாளுக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு போடக் கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நெஞ்செரிவு வந்தால், விழுங்க நோவு வந்தால், நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முன்பே உணவுக்குழாய் ஒடுங்கியவர்களுக்கும், அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க முடியாதவர்களுக்கும் இந்த மாத்திரையே கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அப்படித்தான். மாத்திரையோ ஊசியோ தொடங்குமுன் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதினால், "டொக்டர், கிட்னி டெஸ்ட் எடுக்க வேண்டாமா?" என்று தாழ்மையோடு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இனித் தாடை எலும்பு. வட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல் பதிவை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "இந்தக் குளிசை போட்டால் தாடை அழுகிவிடும்" என்று ஒரு பெண்மணி அழாக்குறையாகச் சொல்வது. அது முழுப் பொய் அல்ல, அதுதான் சிக்கல். 2003-இல் அமெரிக்காவில் மார்க்ஸ் என்ற வாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலாக இதை எழுதினார். பல் பிடுங்கிய இடம் ஆறாமல், தாடை எலும்பு வெளியே தெரிந்து கிடக்கும் நிலை. ஆனால் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால், எலும்பு மெலிவுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு கூடிய அளவில், அடிக்கடி ஊசியாக ஏற்றிக்கொண்டவர்கள். எலும்பு மெலிவுக்கான அளவில் இது ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் இலட்சத்தில் ஒருவர் வரை என்றுதான் மதிப்பிடுகிறார்கள்.

இந்தத் தாடைக் கதைக்கு ஒரு பழைய சொந்தமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெண்பொஸ்பரஸ் புகையைச் சுவாசித்த ஏழைப் பெண்களுக்குத் தாடை எலும்பு இப்படித்தான் அழுகியது. 1888-இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது சரித்திரப் பாடத்தில் வராது, வந்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து தொடங்குமுன் வாயைக் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி, ஆறவிட்டுத் தொடங்குவது. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பல்லைக் கவனிக்காமல் இருப்பது வெட்கம். பொய்ப்பல் கட்டியவர்கள் அது உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தில் இருக்கும்போது பல் வைத்தியரிடம் போனால், கதிரையில் ஏறுமுன் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். வாரக் குளிசையை மட்டுமல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும் சொல்லுங்கள். "நான் மருந்தொன்றும் எடுப்பதில்லை, எப்போதாவது ஓர் ஊசிதான்" என்று சொல்லி ஏமாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

தாடையை விட நான் உங்களுக்குச் சொல்லிவைக்க விரும்புவது தொடை. தாடையைப் பற்றி எல்லாருக்கும் பயம், தொடையைப் பற்றி யாருக்கும் தெரியாது. பல வருடம் இந்த மாத்திரை போட்டவர்களில் மிகச் சிலருக்கு, விழாமலே, நடந்துகொண்டிருக்கும்போதே தொடை எலும்பு நடுவில் குறுக்காக முறிந்துவிடுகிறது. 2005 தொடக்கம் இது பற்றி எழுதினார்கள். சிங்கப்பூரிலிருந்தும் முன்னரே தகவல் வந்தது. 2010-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை கொடுத்தது. கிளறுகிற கூட்டத்தை நெடுங்காலம் அடக்கி வைத்தால், சின்னச் சின்ன வெடிப்புகளைக் கிளறிச் சீராக்கவும் ஆளில்லாமல் போகிறது. அதுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

2020-இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஆசியப் பெண்களுக்கு இந்தத் தொடை முறிவு வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கூடுதல். பத்தாயிரம் ஆசியப் பெண்கள் மூன்று வருடம் இந்த மருந்து எடுத்தால், 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன, எட்டுத் தொடை முறிவுகள் உண்டாகின்றன என்பது அவர்கள் கணக்கு. வெள்ளைக்காரப் பெண்களில் 149-உம் இரண்டும். ஆசியர் என்ற ஒரு சொல்லுக்குள் பல நாட்டவரும் அடக்கம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மருந்தினால் நன்மைதான் அதிகம். ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவர் உங்களுக்கு அம்மாவாகவும் இருக்கலாம். அதனால் அறிகுறியைத் தெரிந்திருக்க வேண்டும். தொடையிலோ கவட்டிலோ ஒரு மந்தமான நோவு, வாரக்கணக்காக, மாதக்கணக்காக இருக்கும். நம்மவர்கள் அதை வாதம் என்று தைலம் பூசிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லி, இரண்டு தொடைகளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முறியுமுன் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். மருந்தை நிறுத்தினால் இந்த ஆபத்து விரைவாகக் குறைவதாகவும் அதே ஆய்வு சொல்கிறது.

அதனால்தான் இந்த மாத்திரை சாகும்வரை போடுவதல்ல. ஐந்து வருடம் போட்டவுடன், வருட ஊசியென்றால் மூன்று வருடம் போனவுடன், தொடர்வதா ஓய்வு கொடுப்பதா என்று வைத்தியர் மறுபடி யோசிக்க வேண்டும். 2006-இல் வந்த ஓர் ஆய்வு, ஐந்து வருடத்தில் நிறுத்தியவர்களையும் பத்து வருடம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. நிறுத்தியவர்களுக்கு முதுகெலும்பு முறிவு கொஞ்சம் கூடியது, மற்ற முறிவுகளில் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே ஆபத்துக் குறைந்தவருக்கு ஓய்வு, ஏற்கெனவே முதுகெலும்பு அமுங்கியவருக்குத் தொடர்ச்சி என்பது பொதுவான போக்கு. உங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் தொடங்கிய திகதியைப் பெரிதாக எழுதிவையுங்கள். கொப்பி மாறும்போது அதையும் மாற்றி எழுதுங்கள். கிளினிக்கில் வைத்தியர்கள் மாறுவார்கள், கொப்பி நிரம்பினால் புதுக் கொப்பி வரும். ஐந்து வருடக் குளிசை பதினொரு வருடமாவது இப்படித்தான்.

இப்போது நான் முன்னே சொன்ன "இந்தக் குடும்பத்துக்கு மட்டும்" என்பதற்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகள் இந்த மலரை வாசிக்கும்போது இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

டெனோசுமாப் என்று ஓர் ஊசி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்குக் கீழே போடுவது. நல்ல மருந்து. வயிற்றைத் தொந்தரவு செய்யாது. ஆனால் இது எலும்பில் படிவதில்லை. ஆறு மாதம் போனதும் அதன் பிடி விட்டுவிடும். அடக்கி வைத்திருந்த கிளறுகிற கூட்டம் அத்தனையும் ஒரே நாளில் மண்வெட்டியோடு இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆகும். ஊசியைத் தவறவிட்ட சிலருக்கு ஒன்றல்ல, இரண்டு மூன்று முதுகெலும்புகள் அடுத்தடுத்து அமுங்கியிருக்கின்றன.

என் வகுப்புத் தோழி ஒருத்தி லண்டனில் இருப்பவள். 2020 பெப்ரவரியில் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தாள். மார்ச்சில் ஊரடங்கு, விமான நிலையம் மூடல். ஏப்ரலில் போட வேண்டிய ஊசி. "ஒன்று தவறினால் என்ன, போய்ப் போட்டுக்கொள்வேன்" என்று இருந்துவிட்டாள். அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் முந்திரிகைக் கொத்து மாதிரி நாரி நோவு என்றாள். மூன்று எலும்புகள். பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் எங்களுக்கெல்லாம் உயரமானவள், இப்போது என் தோளுக்கு வருகிறாள்.

ஆகவே டெனோசுமாப் எடுப்பவர்கள், பயணம் புறப்படுமுன் அடுத்த ஊசித் திகதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பிந்தக் கூடாது. நிறுத்துவதென்றால் அதற்குப் பதிலாக வேறொரு மருந்தைத் தொடங்கித்தான் நிறுத்த வேண்டும். ஊசியை ஊருக்குக் கொண்டுவருவதானால் குளிரூட்டிக்குள், இரண்டு பாகை முதல் எட்டுப் பாகைக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. 2022-இல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் போன நாட்கள் நமக்கு மறந்திருக்காது. இன்னொன்று: சிறுநீரகம் மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு, முக்கியமாக டயலிசிஸ் செய்பவர்களுக்கு, இந்த ஊசியால் இரத்தத்தில் கல்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. உதட்டைச் சுற்றி, விரல் நுனிகளில் கூச்சம், தசை இழுப்பு வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, விட்டமின் டி சரிசெய்து, கிட்னி பார்த்து, பிறகு கொடுத்தது வருடத்துக்கு ஒருமுறை சேலைனாக ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம். இடுப்பு முறிந்தவர்களுக்கு இதைக் கொடுத்தபோது மரணங்களும் குறைந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் தடவை ஏற்றிய அன்று இரவே அக்காவுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல நோவு. முதல் தடவையில் மூன்றில் ஒருவருக்கு இப்படி வரும், இரண்டு மூன்று நாளில் போகும், அடுத்தடுத்த வருடங்களில் மிகவும் குறையும். ஏற்றுமுன் நன்றாகத் தண்ணீர் குடிப்பதும் பரசிட்டமோல் போடுவதும் உதவும். ஆனால் கண்டியில் நாம் டெங்குவோடு வாழ்கிறோம். ஊசிக் காய்ச்சல் என்று நினைத்து டைக்ளோபெனக், ஐபியுபுரோபென் எதையும் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆபத்து, இல்லாவிட்டாலும் சிறுநீரகத்துக்கு ஆகாது. மூன்று நாளில் காய்ச்சல் நிற்காவிட்டால் இரத்தம் பரிசோதியுங்கள். இந்தக் குடும்பத்து மருந்துகளில் எதை எடுத்தாலும், கண் சிவந்து நோவெடுத்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் வருவதுண்டு.

வேறு மருந்துகளும் இருக்கின்றன. ரலொக்சிபீன் காலில் இரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்களுக்குக் கூடாது. டெரிபரடைட் தினமும் ஊசி, இரண்டு வருடத்துக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை, விலையும் பெரிது. அவற்றை இன்று விட்டுவிடுகிறேன்.

பார்சல் மருந்து பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் அன்போடு ரொறொன்ரோவிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் மருந்து அனுப்புகிறார்கள். ஒரு அம்மா கிளினிக் குளிசையைத் திங்களும், மகள் அனுப்பியதை வெள்ளியும் போட்டுவந்தார். பெட்டியில் வேறு பெயர், உள்ளே அதே அலண்ட்ரோனேட். பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரை வாசிக்க வேண்டும். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதைத்தான். 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்ததும் அவர் முயற்சியால். ஒசுசலவில் வரிசையில் நிற்கும்போது அந்த மனிதரைக் கொஞ்சம் நினையுங்கள்.

எந்த மருந்தும் கல்சியமும் விட்டமின் டியும் இல்லாத உடம்பில் சரியாக வேலை செய்யாது. கல்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைரொயிட் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி இடைவெளி விடுங்கள். சாப்பாட்டிலேயே கிடைப்பது இன்னும் நல்லது: முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடு, தயிர், கீரை, எள்ளுருண்டை. எங்கள் காலத்தில் இடைவேளைக்குப் பனிசும், பால்மா கரைத்த பாலும் தருவார்கள். மணம் பிடிக்காமல் அந்தப் பாலை வாழை மரத்துக்கு ஊற்றியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். பெண் பிள்ளைகள் எலும்பைச் சேமிப்பது அந்த வயதில்தான். விட்டமின் டி விஷயத்தில் ஒஸ்லோவிலும் கண்டியிலும் வாழும் இலங்கையரை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008-இல் வந்தது. நோர்வேயில் இருப்பவர்களுக்கு நம்மைவிட மிகவும் குறைவு. குளிர் நாட்டில் இருக்கும் தங்கைமார் ஐம்பது வயதுவரை காத்திராமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் உள்ள ஊரில் இருக்கிறோம் என்று நாமும் அசட்டையாக இருக்க முடியாது.

ஆஸ்மாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் பிரெட்னிசொலோன் மாதக்கணக்காக எடுப்பவர்கள், உங்கள் வயது நாற்பதாக இருந்தாலும் எலும்பைப் பற்றிக் கேளுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் "வாதத்துக்குக் கைகண்ட மருந்து" என்று விற்கப்படுவதை வாங்காதீர்கள். அதற்குள் ஸ்டீரொயிட் இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அழைப்பிதழில் சொன்னபடி பலர் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பெட்டிகளையும் கொண்டுவந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தேநீர் இடைவேளையில் நூலக வாசலில் உள்ள மேசையில் அக்காவும் நானும் இருப்போம். நான் வைத்தியர் அல்ல. மருந்தை மாற்றவோ நிறுத்தவோ சொல்லமாட்டேன். எப்படிப் போடுகிறீர்கள், எப்போது தொடங்கினீர்கள், பெட்டிக்குள் இருப்பது என்ன என்று மட்டும் பார்ப்பேன். பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருப்பவர்கள் டின்னையும் கொண்டு வாருங்கள். அக்கா உங்களைத் திட்டமாட்டார்.